அமைச்சர் கரடிக்குப் புது வீடு

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள். எந்த இடம் என்று இப்போது சொல்ல மாட்டேன். முதல் பாதியில் சிரிக்க ஒன்றுமே இல்லை. ஒரு குளம், மூன்று எலி வளை, ஒரு கரடி, ஒரு கீரி. அவ்வளவுதான்.

காட்டின் நடுவே வட்டக்குளம். அதன் தெற்குக் கரைக்குக் கீழே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் நாற்பது முயல் குடும்பங்கள், கொஞ்சம் கௌதாரிகள், ஒரு கீரி, கீரியின் மூன்று குட்டிகள். அந்தக் கீரிதான் வனப் பேரவையில் பள்ளத்துத் தொகுதி உறுப்பினர்.

குளத்துக் கரையை எலிகள் மூன்று இடத்தில் குடைந்து வைத்திருந்தன. புரட்டாசி கடைசி வாரம். ஐப்பசி பிறக்க ஐந்தே நாள். ஐப்பசி பிறந்தால் மழை. மழை வந்தால் குளம் நிரம்பும். குளம் நிரம்பினால் கரை என்ன ஆகும் என்று கேட்க வேண்டியதில்லை.

அன்று காலையில் ஒரு முயல் கீரியிடம் ஓடி வந்தது.

"அக்கா, எங்க வளைக்குள்ள இப்பவே தண்ணி கசியுது. குட்டிகளை முதுகுல ஏத்திக்கிட்டு நிக்கறேன்."

"இன்னிக்குக் கேள்வி நேரம் இருக்கு. அமைச்சரைக் கேக்கறேன். நீயும் வா, மேல பாறையில உக்காந்து பாரு" என்றது கீரி.

குளத்துறை அமைச்சர் கரடி. தொண்டைக்குள் இரண்டு தவளைகள் குடியிருப்பது போல ஒரு குரல். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் அவருடைய செயலாளர் ஓணான் இருக்கும். அமைச்சர் எதைச் சொன்னாலும் ஓணான் தலையை ஆட்டும். சொல்லாவிட்டாலும் ஆட்டும்.

பேரவைத் தலைவர் யானை தும்பிக்கையைத் தூக்கியது. "கேள்வி... நேரம்... ஆரம்பம்." யானை ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு வாய் புல் தின்னும். அதனால் கேள்வி நேரத்தில் பாதி அதற்கே போய்விடும்.

கீரி எழுந்தது. "வட்டக்குளத்துத் தெற்குக் கரையில் எலி வளைகள் இருப்பதை அமைச்சர் அறிவாரா? அடைக்க என்ன நடவடிக்கை எடுத்தார்?"

கரடி இரண்டு காலில் நிமிர்ந்து நின்றார். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, அந்தக் கரை முழுவதும் செப்பனிடப்பட்டுவிட்டது. இரும்பு மாதிரி இருக்கிறது. எலி வளை ஒன்றுகூட இல்லை."

ஓணான் தலையாட்டியது.

"துணைக் கேள்வி. அமைச்சர் நேரில் போய்ப் பார்த்தாரா?"

கரடி ஓணானைப் பார்த்தார். ஓணான் தலையாட்டியது. "பார்த்தோம்" என்றார்.

"எந்தப் பக்கமாக ஏறினீர்கள்? அந்தக் கரையில் உங்கள் கால்தடம் ஒன்றுகூட இல்லையே?"

"மழை அழித்திருக்கும்."

"மழை இன்னும் வரவில்லையே, ஐயா."

"அப்படியானால் காற்று அழித்திருக்கும்."

ஆளும் வரிசையில் பன்றிகள் எல்லாம் தரையைத் தட்டின. யானை புல்லை மென்றபடியே, "உறுப்பினர்... உட்காரவும்" என்றது.

"ஒரே ஒரு கேள்வி, தலைவர் அவர்களே. கடைசி. கரைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் குடும்பத்தோடு குடியிருப்பது பாதுகாப்பானதா?"

கரடிக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. மார்பைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "அதைவிடப் பாதுகாப்பான இடம் இந்தக் காட்டிலேயே கிடையாது. இது இந்த அவைக்கு நான் தரும் உறுதிமொழி."

"மிக்க நன்றி. அப்படியே அவைக்குறிப்பில் ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்." கீரி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தது.

வெளியே வந்ததும் முயல் பிடித்துக்கொண்டது. "என்னக்கா இது? நாலு வார்த்தை நறுக்குன்னு கேப்பீங்கன்னு பார்த்தா, நன்றி சொல்லிட்டு உக்காந்துட்டீங்க. எங்க குட்டிங்க மெதக்கப் போகுதுங்க."

"கத்தியிருந்தா அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். இப்ப எழுதிக் குடுத்துட்டார் பாரு" என்றது கீரி.

முயலுக்குப் புரியவில்லை. பரவாயில்லை. கரடிக்கும்தான் புரியவில்லை.

கீரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது உறுதிமொழிக் குழுவின் தலைவர். அவையில் அமைச்சர்கள் கொடுக்கும் வாக்கை எல்லாம் இந்தக் குழு ஒவ்வொன்றாக எடுத்து விசாரிக்கும். செய்து முடித்திருந்தால் 'நிறைவேறியது' என்று எழுதும். இல்லாவிட்டால் 'நிலுவை'. குழுவின் பரிந்துரையை ஏற்று அமைச்சர் கைநாட்டு வைத்துவிட்டால் அது ஆணை. அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

மறுநாள் ஆலமரத்தடியில் குழு கூடியது. உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் மயில். எங்கே உட்கார்ந்தால் தோகையில் மண் ஒட்டாது என்று பார்ப்பதிலேயே பாதிக் கூட்டம் முடிந்துவிடும். இன்னொருவர் எருமை.

கரடி சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். ஓணான் கக்கத்தில் ஒரு கட்டு இலை வைத்திருந்தது. அத்தனையும் சாக்குப்போக்கு.

கீரி சிரித்த முகத்தோடு வரவேற்றது. "வாங்க ஐயா, வாங்க. முதல் பொருள், வட்டக்குளத்துக் கரை. அமைச்சரே நேரில் பார்த்துச் சொல்லிவிட்டார். நாம் என்னத்தைத் துருவுவது? நிறைவேறியது என்று எழுதிவிடலாமா?"

கரடி திறந்த வாயை மூட மறந்தார்.

"எழுதிடலாம்" என்றது எருமை. "சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"இன்னொரு பொருள் இருக்கு அண்ணே. இவ்வளவு உழைக்கிற அமைச்சர் மலைமேல் ஒரு கல்லுக் குகையில் கிடக்கிறார். காற்று வேறு. இந்தக் குழு அவருக்கு ஒரு புது வீடு பரிந்துரைக்கிறது."

கரடியின் காது இரண்டும் நிமிர்ந்தன. "வீடா?"

"வீடுதான். குளிர்ந்த மண்ணு. வாசல்லயே மூணு இலுப்பை மரம். பூ உதிர்ந்தா நேரா உங்க வாயிலதான் விழும்."

"அப்படியா? எங்க இருக்கு அது?"

"அதுக்குத்தான் வரேன் ஐயா. கொல்லைப் பக்கம் கறையான் புத்து."

"எத்தனை?"

"ஏழு."

கரடி எச்சில் விழுங்கினார். "தேன் எதாவது..."

"கை நீட்டுற தூரத்துல ரெண்டு அடை."

"தலைவரம்மா, உங்களை நான் என்னமோன்னு நினைச்சிருந்தேன்" என்றார் கரடி, குரல் தழுதழுக்க. "என் சம்சாரம் அந்தக் குகையில குளிர் தாங்காம தினமும் என்னைத் திட்டறா. எப்பக் குடிபோகலாம்?"

"ஐப்பசி ஒண்ணாந்தேதி. நல்ல நாள். குழந்தைகளையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. இதுல ஒரு கைநாட்டு மட்டும் வைங்க."

மயில் ஒரு தேக்கிலையை நீட்டியது. கரடி சேற்றில் கையை முக்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பதித்தார். சந்தோஷத்தில் ஓணானின் முதுகிலும் ஒன்று பதித்தார்.

"விதிப்படி பாதுகாப்புச் சான்று ஒன்று படிக்க வேண்டும்" என்றது கீரி. ஓர் ஓலையை எடுத்து, தொண்டைக்குள் இரண்டு தவளைகள் இருப்பது போலக் குரலை மாற்றிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தது: "அதைவிடப் பாதுகாப்பான இடம், இந்தக் காட்டிலேயே கிடையாது."

"பிரமாதம்" என்றார் கரடி. "யாரு சொன்னது? ரொம்பத் தெளிவானவனா இருப்பான் போல இருக்கே."

"ரொம்பப் பொறுப்பான பதவியில் இருக்கிறவர், ஐயா."

"அதான் பேச்சுலயே தெரியுதே. அவனை நம்ம துறையில சேர்த்துக்கலாம்யா, ஓணான்."

ஓணான் தலையாட்டவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதன் தலை ஆடாமல் நின்றது.

"என்னய்யா, கழுத்துல சுளுக்கா?" என்று கேட்டுவிட்டுக் கரடி கீரியிடம் திரும்பினார். "வீட்டுக்கு அடையாளம் சொல்லுங்க. சம்சாரத்துகிட்டப் போய்ச் சொல்லணும்."

"கிழக்கே இலுப்பை மரம்."

"சரி."

"தெற்கே புத்து."

"ஏழு. சரி."

"மேற்கே முயல் வளைகள். நல்ல அக்கம்பக்கம். நாற்பது குடும்பம்."

"முயலா? சத்தம் போடாதுங்க. வடக்கே?"

"வடக்கே கரை."

"எந்தக் கரை?"

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. மயில் தோகையை மறந்தது.

"இரும்பு மாதிரி ஒரு கரை, ஐயா" என்றது கீரி.

கரடி தலையாட்டிக்கொண்டே தொடங்கினார். "இரும்பு மாதிரின்னா நல்லதுதானே, அதுக்கு மேல என்ன..." பாதியில் தலை நின்றது. மெதுவாக ஓணானைப் பார்த்தார். ஓணான் இலைக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வடக்கே பார்த்தார். அங்கே வானத்தில் எருமை நிறத்தில் ஒரு மேகம் ஏறிக்கொண்டிருந்தது. தேக்கிலையைப் பார்த்தார். அதில் அவருடைய கை, இரண்டு தடவை, ஈரமாக இருந்தது.

"தலைவரம்மா" என்றார். தவளை இரண்டும் எங்கேயோ போய்விட்டன. குரல் குருவி மாதிரி வந்தது. "அந்த எலி வளை... மொத்தம் எத்தனை?"

"மூணுன்னு நான் சொன்னேன். ஒண்ணுகூட இல்லேன்னு நீங்க சொன்னீங்க. குழு உங்களைத்தான் நம்பியிருக்கு."

"நிறைவேறியதுங்கறதை அடிங்க. நிலுவைன்னு எழுதுங்க. இன்னும் நாலு நாள் இருக்கு, என் ரெண்டு குட்டியும் அங்கதான் படுக்கணும்." கரடி எழுந்து ஓடினார். ஓடிக்கொண்டே கத்தினார்: "யோவ் ஓணான், தலையை அப்புறம் ஆட்டலாம்! களிமண் எங்கே கிடைக்கும்னு சொல்லு!"

நீதி: அடுத்தவர் வீட்டுக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுக்கும் முன், தன் பிள்ளைகளின் பாயை அங்கே விரிக்கத் துணிவோமா என்று ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.