காடு முழுக்க மயில்குரல்

அத்திமலைக் காட்டில் செவந்தி என்றொரு புள்ளிமான் இருந்தாள். முதல் குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்தவள். இப்போது இரண்டாவது குட்டி பிறந்து தள்ளாடி நடக்கத் தொடங்கியிருந்தது. அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள்.

அவள் மேய்கிற இடத்துக்கு மேலே, மரத்தின் உச்சியில், நெட்டைவாலன் என்ற மந்திக்குரங்கு இருப்பான். தின்றது போக மிச்ச இலையைக் கீழே போடுவான். தூரத்தில் சிறுத்தை தெரிந்தால் தொண்டை கிழியக் கத்துவான். செவந்தி குட்டியோடு ஓடிவிடுவாள். அவளுக்கு முதலில் அதன் வாடை தட்டினால் அவள் கத்துவாள், அவன் கிளையேறிவிடுவான்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த காட்டுக்குக் கரடியார் வடிவில் வந்தது வினை. பக்கத்துத் தேக்குத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் எல்லோரையும் கூட்டினார்.

"அங்கே ஒரே மரம், ஒரே உயரம், வரிசை பிசகவில்லை. நம் காடோ சந்தைக்கடை! ஆளுக்கொரு கத்தல். ஒரே காடென்றால் ஒரே குரல் வேண்டாமா?"

எல்லோருக்கும் வெட்கமாகிவிட்டது. மயில்குரலே கம்பீரம் என்று முடிவு செய்தார்கள். இனி சொந்தக் குரலில் கத்துகிறவர் இந்தக் காட்டுக்காரரே இல்லை, ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று சட்டமும் போட்டார்கள். மயிலுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து காடு முழுக்க அகவல்தான். காட்டுப்பன்றி அகவியதைக் கேட்டிருந்தால் உங்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

ஒரு சாயங்காலம், புல்லுக்குள் சிறுத்தை பதுங்கி வருவதை நெட்டைவாலன் பார்த்தான். பதறிப்போய் மயில்போல அகவினான். செவந்தி நிமிரவே இல்லை. காலையிலிருந்து நூறு அகவல் கேட்டுச் சலித்தவள், பாவம். அவன் மறுபடியும் அகவினான். சிறுத்தை குட்டியை நெருங்கிவிட்டது.

சொந்தக் குரலில் கத்தினால் பிறந்த காட்டை விட்டே போக வேண்டும். கத்தாவிட்டால் குட்டி போய்விடும். ஒரு கணம் கீழே பார்த்தான். பிறகு தன் குரலிலேயே, மந்தியாகவே கத்தினான்.

செவந்தி குட்டியோடு பாய்ந்தாள். பாய்ந்தபடியே அவளும் தன் குரலில் கத்தினாள். ஓடைக்கரையில் கடமான் அதைக் கேட்டுக் குரல் கொடுத்தது. அங்கிருந்து காட்டுக்கோழி, அப்புறம் மலையணில், அப்புறம் பெயர் தெரியாத எத்தனையோ பறவைகள். மலையடியில் புறப்பட்ட செய்தி குரல் மாறி மாறி உச்சிவரை ஏறியது. யாரும் யாருடைய பேச்சையும் பேசவில்லை. ஆனாலும் புரியாதவர் ஒருவரும் இல்லை. கடைசியில் மயிலும் அகவியது. அதுவும் என்ன சொல்கிறதென்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது.

ஒளிய இடமில்லாமல் சிறுத்தை எழுந்து, வந்த வழியே போய்விட்டது.

கரடியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலம் காதில் விழுந்துகொண்டே இருந்த அதிசயம் அது. மந்தி இருந்த மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்.

நெட்டைவாலன் மெல்ல இறங்கி வந்தான். "நான் ஆற்றைத் தாண்டிப் போகணுமா, ஐயா?"

"இவன் போனால் நானும் குட்டியும் கூடவே போகிறோம்" என்றாள் செவந்தி.

கரடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போக வேண்டியது என் சட்டம்தான் தம்பி. நீ மேலே ஏறு. பொழுது சாயுது, காட்டைப் பார்த்துக்கொள்."

அடுத்தவர் குரலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் காது இருக்கும்வரை, எத்தனை குரல் ஒலித்தாலும் நாடு ஒன்றுதான்.