பம்பரத்துக்கு முள் கொடுத்த முள்ளம்பன்றி

மலையடிவாரத்துக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

முயல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மான்கள் ஒன்றின் முதுகில் ஒன்று கழுத்தைச் சாய்த்துக்கொள்ளும். முள்ளம்பன்றி வந்தால் மட்டும் எல்லாரும் மரியாதையாக எழுந்து நான்கு முழம் தள்ளி நிற்பார்கள். சிறுத்தைகூட அதைக் கண்டால் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கிப் புதரைச் சுற்றிக்கொண்டு போகும். வேறு எந்தப் பிராணிக்கு இது வாய்த்திருந்தாலும் அதை வைத்தே ஊரை அதட்டிக்கொண்டு திரிந்திருக்கும். நம் முள்ளம்பன்றியோ, ‘நின்று ரெண்டு வார்த்தை பேச இந்தச் சிறுத்தைக்குக்கூட நேரமில்லையே’ என்று வருத்தப்பட்டது.

காட்டின் ஓரத்தில் பயணிகள் தங்கும் விடுதி ஒன்று உண்டு. அதன் பின்பக்கத்தில் ஒரு குப்பைக் குழி. வீட்டில் புழங்கும் சாமான்களில் எதெல்லாம் தேயுமோ, அறுந்துபோகுமோ, தீர்ந்துபோகுமோ அதெல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு நாள் காலையில் அணில் அங்கிருந்து வார் அறுந்த ரப்பர் செருப்பு ஒன்றையும், கட்டைவிரல் அளவு மெழுகுவர்த்தித் துண்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. வரும் வழியில் முள்ளம்பன்றியின் உதிர்ந்த முள் ஒன்று கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டது.

செருப்பின் குதிகால் பகுதியைப் பல்லால் வட்டமாகக் கத்தரித்தது. வட்டத்தை ஒரு வேலமுள்ளின் நுனியில் வைத்துப் பார்த்தது. வட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் நகர்த்தியது. மறுபக்கம் சாய்ந்தது. இப்படி ஏழெட்டு முறை நகர்த்தி, வட்டம் ஆடாமல் நின்ற இடத்தில் துளை போட்டது. துளையில் முள்ளைச் செருகி, கூர்நுனி கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்படி இறக்கி, மெழுகைத் தேய்த்து இறுக்கியது. பிறகு பாறைமேல் வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே முள்ளை உருட்டி விட்டது.

பம்பரம் சுற்றியது. முள்ளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கலந்து புகைபோல நின்றன. அணில் தொண்ணூறு எண்ணும்வரை அது விழவில்லை.

மறுநாள் காட்டில் எல்லாருக்கும் பம்பரம் வேண்டியிருந்தது. சோடா மூடி, தேங்காய் ஓடு, பேனா மூடி, உடைந்த சட்டைப் பொத்தான் என்று குழியே காலியாகிவிட்டது. அச்சுக்குத்தான் பாடாக இருந்தது. ஈர்க்குச்சி வளைந்தது. மூங்கில் சிம்பு பிளந்தது. ஐஸ் குச்சி தட்டையாக இருந்ததால் நின்ற இடத்திலேயே படுத்துக்கொண்டது. கடைசியில் எல்லாரும் முள்ளம்பன்றி நடக்கும் பாதையில் குனிந்துகொண்டு உதிர்ந்த முட்களைத் தேடினார்கள். ஆளுக்கு ஒன்று கிடைத்தது.

நரிக்குக் கிடைக்கவில்லை. அது மத்தியானம்தான் எழுந்திருக்கும் பழக்கம் உடையது.

தேடி அலைவது நரிக்குப் பிடிக்காத வேலை. நேராக முள்ளம்பன்றியின் வளைக்குப் போயிற்று. முள்ளம்பன்றி பகலில் தூங்கும் பிராணி. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தது.

“வணக்கம் முள்ளண்ணே. பக்கத்துல உக்காரலாமா?”

முள்ளம்பன்றிக்குத் தன் காதுமேல் சந்தேகம் வந்தது. “பக்கத்துலயா? குத்துமேப்பா.”

“உங்க முள் குத்தினா அதுவும் ஒரு கொடுப்பினைதானே” என்று நரி உட்கார்ந்தது. எந்தப் பக்கம் முள் குறைவோ அந்தப் பக்கமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தது. “ஊர்ல ஒரே பேச்சு. அண்ணன் முள்ளு இல்லேன்னா பம்பரமே இல்லைங்கிறாங்க.”

“அப்படியா பேசிக்கிறாங்க?”

“ஆனா எனக்கு மனசு கேக்கல. இவ்வளவு பெரிய மனுசரோட முள்ள, தெருவுல கெடக்கிற சருகு மாதிரிப் பொறுக்கிட்டுப் போறாங்க. ஒரு வார்த்தை கேட்டாங்களா? எனக்குப் பொறுக்கின முள் வேண்டாம்ணே. உங்க கையால குடுத்தா வாங்கிக்கிறேன். இல்லேன்னா எனக்குப் பம்பரமே வேண்டாம்.”

இவ்வளவு சுயமரியாதை உள்ள ஒருவரை முள்ளம்பன்றி அதுவரை சந்தித்ததில்லை. முதுகிலிருந்து நீளமான ஒரு முள்ளைப் பல்லால் கடித்துப் பிடுங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“வலிச்சுதாண்ணே?”

“சேச்சே.”

அன்று சாயங்காலம் பாறையில் நரி தன் பம்பரத்தை எல்லாருக்கும் காட்டியது. “இது உயிர்முள். நீங்க வெச்சிருக்கிறதெல்லாம் உதிரிமுள். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதில்ல?”

யாருக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று முதலில் சொல்பவராக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. “சுத்தும்போது ஒரு தெளிவு இருக்கு” என்றது முயல். “சத்தமே வேற” என்றது குரங்கு. மறுநாள் விடிந்தபோது நல்ல நிலையில் இருந்த உதிரிமுள் பம்பரங்கள் எல்லாம் குப்பைக் குழிக்கே திரும்பிப் போயிருந்தன. முள்ளம்பன்றியின் வளை வாசலில் வரிசை நின்றது.

அந்த நாட்களைப்போல் சந்தோஷமான நாட்கள் முள்ளம்பன்றிக்கு முன்பு இருந்ததில்லை. பகலில் தூங்குவதை விட்டுவிட்டது. வருகிறவர்கள் ஏமாந்து போய்விடக் கூடாதே. எல்லாரும் பக்கத்தில் உட்கார்ந்து குசலம் விசாரித்தார்கள். “சாப்பிட்டீங்களா அண்ணே?” என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் முதுகை ஒரு பார்வை பார்த்து, “அதோ, இடது பக்கத்துல ரெண்டாவது” என்பார்கள். முயல் தன் ஒன்பது குட்டிகளுக்கும் வாங்கிக்கொண்டது. பிறக்கப்போகிறவற்றுக்காகவும் நான்கு எடுத்து வைத்தது. குரங்கு, பம்பரத்துக்கு ஒன்றும், பம்பரம் சுற்றாத நேரத்தில் முதுகு சொறிய ஒன்றுமாக வாங்கிப் போயிற்று.

அணில் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. ஒரு நாள் இரண்டு பம்பரங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது.

“மாமா, இது நீங்க பிடுங்கிக் குடுத்தது. இது தானா விழுந்தது. ரெண்டையும் விடறேன், நீங்களே எண்ணுங்க.”

“எதுக்கு?”

“எண்ணுங்களேன்.”

பிடுங்கிய முள் எழுபதில் விழுந்தது. வேர்ப்பக்கம் கொஞ்சம் சதை ஒட்டிக்கொண்டிருந்ததால் அது தலையை ஆட்டிக்கொண்டே சுற்றியது. உதிர்ந்த முள் எண்பத்தைந்து வரை நின்றது.

“பாத்தீங்களா? விழுறதே போதும் மாமா. தினமும் நாலஞ்சு விழுது. இதை எதுக்குப் பிச்சுக் குடுக்கறீங்க? முதுகைப் பாருங்க, அங்கங்க சொட்டையாயிருக்கு.”

வரிசையில் நின்ற நரி குறுக்கிட்டது. “எவ்வளவு நேரம் சுத்துதுங்கிறதா முக்கியம்? சுத்தும்போது ஒரு கம்பீரம் வேண்டாமா?”

“தள்ளாடுறது கம்பீரமா?”

“உனக்கு அதெல்லாம் புரியாது.”

முள்ளம்பன்றி அணிலைப் பார்த்தது. முதல் பம்பரத்தைச் செய்தது இது. இப்போது பேர் வாங்குவது நாம். வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டது. “உனக்கும் ஒண்ணு வேணும்னா வரிசையில நில்லும்மா” என்றது அன்பாக. அணில் இரண்டு பம்பரங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு மாதத்தில் பம்பர விழா எடுத்தார்கள். இடம், காட்டின் நடுவில் இருந்த பெரிய பாறை. நேரம், வெயில் தாழ்ந்த பிறகு. முள்ளம்பன்றிதான் தலைமை. ‘முள் வள்ளல்’ என்று ஒரு பட்டமும் கொடுத்தார்கள். பட்டம் கொடுப்பதற்கு முன்னால் நரி, “மேடைக்கு மூணு அலங்காரப் பம்பரம் குறையுது” என்று காதில் சொன்னதால், நீளமான முட்களில் கடைசி மூன்றையும் முள்ளம்பன்றி பிடுங்கிக் கொடுத்தது. இப்போது அதன்மேல் தாராளமாகச் சாய்ந்து உட்காரலாம். முயல்குட்டிகள் சாய்ந்துகொண்டும் இருந்தன. முதுகில் வெதுவெதுப்பு பட்டதும் முள்ளம்பன்றி அசையாமல் உட்கார்ந்துகொண்டது. நரி பேச்சைத் தொடங்கியது.

“இந்தக் காட்டில் கொடுப்பவர் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் தன்னையே…”

அந்த இடத்தில் நரி நிறுத்தியது உணர்ச்சிவசப்பட்டு அல்ல. எதிர்ப் புதரில் சிறுத்தையின் தலை தெரிந்தது.

கண் மூடித் திறப்பதற்குள் பாறை காலியாகிவிட்டது. முயல்கள் வளைக்குள். குரங்கு மரத்தில். நரி முட்புதருக்குள். ஓடியவர்கள் யாரும் பம்பரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை.

முள்ளம்பன்றி பழக்கத்தில் முதுகைத் திருப்பிச் சிலிர்த்தது. முன்பெல்லாம் அப்படிச் சிலிர்த்தால் ஒரு மூங்கில் புதரே உலுக்கப்பட்டதுபோல் சத்தம் கேட்கும். இப்போது எதுவும் கேட்கவில்லை. வெறும் தோல் நடுங்கியது.

சிறுத்தை பாறைமேல் ஏறிச் சுற்றிவந்து பார்த்தது. “யார் நீ?”

“முள்ளம்பன்றி.”

“முள்ளம்பன்றிக்கு முள் இருக்குமே. அதுக்காகத்தானே இத்தனை வருசமா நான் பாதையை விட்டு இறங்கிப் போனேன்.”

“குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“சிநேகிதங்களுக்கு.”

சிறுத்தை சுற்றிலும் பார்த்தது. “ஒருத்தரையும் காணோமே.”

முள்ளம்பன்றி பின்னால் நகர்ந்துகொண்டே கத்தியது. “தம்பி நரி, கொரங்கே, அந்தப் பம்பரங்களையாவது தூக்கி இதுமேல எறியுங்கப்பா. முள்ளுதானே, குத்தும்.”

மரத்தில் சத்தமில்லை. வளைகளில் சத்தமில்லை. முட்புதருக்குள்ளிருந்து நரியின் குரல் மட்டும் பணிவாக வந்தது. “குடுத்ததத் திருப்பிக் கேக்கறது வள்ளலுக்கு அழகாண்ணே?”

சிறுத்தை பாய்ந்தது. பாறையின் அடியில் ஒரு வெடிப்பு இருந்தது. முள்ளம்பன்றி தலையை அதில் திணித்து உடம்பை இழுத்துக்கொண்டது. முழுதாக நுழையவில்லை. சிறுத்தையின் நகம் இடுப்பிலிருந்து ஒரு பட்டை தோலை உரித்துக்கொண்டு போனது. இரண்டாம் முறை அது வாலைப் பிடித்து இழுத்தது. வாலில் இருந்தவை குட்டை முட்கள். பம்பரத்துக்கு நீளம் பற்றாது என்று யாரும் அவற்றைக் கேட்டிருக்கவில்லை. நான்கைந்து முள் உள்ளங்காலில் இறங்கியதும் சிறுத்தை உறுமிக்கொண்டு காலை உதறியது. இழுத்துப் பார்க்க இன்னொரு தடவை அதற்கு மனம் வரவில்லை. நொண்டிக்கொண்டே போயிற்று.

முள்ளம்பன்றி விடியும்வரை வெடிப்பிலேயே கிடந்து, பிறகு ஊர்ந்து தன் வளைக்குப் போய்ச் சேர்ந்தது.

நலம் விசாரிக்க எல்லாரும் வந்தார்கள். வளைக்குள் எட்டிப் பார்த்தார்கள். “பாவம், ஒண்ணுகூட மிச்சமில்லையே” என்றது முயல். யாருக்காக வருத்தப்பட்டது என்பதை அது சொல்லவில்லை. “திரும்ப முளைக்க எத்தனை நாளாகும்ணே?” என்று நரி அக்கறையாகக் கேட்டது. மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும் அக்கறையை அடக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு யாரும் வரவில்லை. அணில் மட்டும் தினம் ஒரு கிழங்குத் துண்டை உருட்டிக்கொண்டு வந்து வளை வாசலில் போட்டது. பம்பரத்தைப் பற்றி அது பேசவில்லை. முள்ளம்பன்றியும் பேசவில்லை.

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. முட்கள் முளைத்து, நீண்டு, கறுப்பும் வெள்ளையுமாகப் பழுத்தன. செய்தி பரவ அரை நாள்தான் ஆயிற்று.

“முள்ளண்ணே” என்று நரி பல்லை இளித்துக்கொண்டு வந்தது. “என்ன தேஜஸ்! எல்லாரும் ஏங்கிப் போயிட்டோம். பழைய அச்செல்லாம் தேஞ்சுபோச்சு. பக்கத்துல உக்காரலாமா?”

முள்ளம்பன்றிக்கு அந்தக் கேள்வியில் இன்னும் கொஞ்சம் ருசி இருந்தது. முயல்குட்டிகள் முதுகில் சாய்ந்திருந்த வெதுவெதுப்பு நினைவுக்கு வந்தது.

“உக்காரு” என்றது பிறகு. “முள் வேணும்னா பாதையில விழுந்து கிடக்கு. பொறுக்கிக்க.”

“விழுந்ததா? எங்களுக்குன்னு ஒரு தகுதி இருக்கில்லண்ணே. நம்ம பழக்கம் என்ன, இவ்வளவுதானா?” நரி நெருங்கி வந்து, முதுகில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, “இதோ, நானே…” என்று வாயால் பற்றப் போனது.

முள்ளம்பன்றி சிலிர்த்தது. வெகு நாட்களுக்குப் பிறகு மூங்கில் புதர் குலுங்குவது போல் சத்தம் கேட்டது.

நரிக்கு மூன்று உயிர்முள் கிடைத்தன. மூன்றும் மூக்கில். அவற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அது ஓடிய ஓட்டத்தில், எந்தப் பம்பரத்திலும் இல்லாத கம்பீரம் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அணில் வந்தது. வழக்கம்போல ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, பாதையில் கிடந்த முள் ஒன்றை எடுத்து நுனியைத் தடவிப் பார்த்தது. “எடுத்துக்கட்டுமா மாமா?”

“எடுத்துக்க” என்றது முள்ளம்பன்றி. ஒரு முழம் அப்படியொன்றும் பெரிய தூரமாக அதற்குத் தெரியவில்லை.

உன்னைக் காக்கும் முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தால்தான் உன் பக்கத்தில் உட்கார முடியும் என்பவன், நின்றுகொண்டே இருக்கட்டும்.