இரும்புக்கும் எறும்புக்கும் நடுவே ஒரு கல்

கல் பாவிய களத்தில் களை எடுக்கக் குந்துகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? களைக்கொத்தியை எடுத்த வேகத்தில் கல் இடுக்குக்குள் விட்டுவிட மாட்டார்கள். முதலில் கல்லின்மேல் டொக் டொக் என்று இரண்டு தட்டு. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். அப்புறம்தான் வேலை. யாருக்காக அந்தத் தட்டு?

அந்தக் காலத்தில் எறும்புக்கும் பேச்சு இருந்தது, இரும்புக்கும் பேச்சு இருந்தது. கருவிகளைப் பிடிக்க ஆள் வேண்டாம். வாயால் சொன்னால் போதும், தானே எழுந்து போய் வேலையை முடித்துவிடும். அரிவாளைக் கீரை அறுக்க அனுப்பிவிட்டு அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தலை வாரிவிடலாம். நல்ல காலம்தான்.

பூங்காவனம் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கொல்லையை ஒட்டி ஒரு களம், முழுக்கப் பலகைக்கல் பாவியது. அறுத்த எள்ளை அதில்தான் அடுக்குவாள். அந்த வருஷம் கல்லுக்குக் கல் இடுக்கெல்லாம் அருகம்புல்லும் அம்மான் பச்சரிசியும் மண்டிப் போயிருந்தன. எள் எத்தனை சிறுசு. காய் வெடித்துப் புல்லுக்குள் கொட்டினால் யார் உட்கார்ந்து பொறுக்குவது? வயலில் களை எடுக்கும் கொத்தியை வைத்துப் பார்த்தாள்; அதன் அகல வாய் இடுக்கில் நுழையவே இல்லை. அதனால் கொல்லரிடம் சொல்லி, விரல் கனத்தில், ஊசிபோல நேர் மூக்கு வைத்து ஒரு சின்னக்கொத்தி அடித்து வாங்கினாள். இத்தனை நேரான மூக்கைத் தன் கை இதுவரை அடித்ததில்லை என்று கொல்லர் சொன்னது கொத்தியின் காதில் விழுந்துவிட்டது. அது போதாதா?

இடுப்பில் செருகி எடுத்துவந்த வழி முழுக்க அது சும்மா வரவில்லை. களம் வந்தாச்சா, வந்தாச்சா என்று பத்தடிக்கு ஒருமுறை கேட்டது. இடுப்புச் சேலையை உள்ளிருந்து குத்தியது. உன்னைச் சுமப்பதற்கு இரட்டைப் பிள்ளையைச் சுமக்கலாம் என்று பூங்காவனம் அலுத்துக்கொண்டாள். அவளுக்கும் மனம் ஒரு நிலையில் இல்லை. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழைக்கு முன் களத்தைச் சுத்தம் செய்து, எள்ளுக்கட்டைக் கொண்டுவந்து அடுக்கி, ஓலை போட்டு மூட வேண்டும்.

களத்தில் காலை வைத்ததும் ஒரு கிழட்டு எறும்பு நடுக்கல்லின்மேல் ஏறி நின்று வழி மறித்தது.

"அம்மா, இந்தக் கல்லுக்கு அடியிலதான் எங்க பிள்ளைங்க எல்லாம் முட்டையா கிடக்குது. இந்த வேர்தான் எங்களுக்குக் கூரை. நீ பிடுங்கினா மண்ணு சரிஞ்சிடும். மழைக்குள்ள மேட்டுக்கு ஏத்திடறோம், அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

பிள்ளை என்றதும் பூங்காவனம் வேறு பேச்சுப் பேசவில்லை. கொத்தியைக் கல்லின்மேல் வைத்து, நான் சொல்லும்வரை அசையாதே என்று சொல்லிவிட்டு, எள்ளுக்கட்டைத் தூக்கக் கொல்லைக்கு ஓடினாள்.

கொத்தி இருந்தது. எப்படி இருந்தது? இந்தப் பக்கம் புரண்டது, அந்தப் பக்கம் புரண்டது. எறும்புகள் வெள்ளை வெள்ளையாய் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. இன்னும் எத்தனை, இன்னும் எத்தனை என்று வந்த எறும்பையெல்லாம் கேட்டது. கொல்லையின் கோடி வரப்பில் நின்ற பூங்காவனம் அது துள்ளுவதைப் பார்த்துவிட்டாள். வாயருகே கையைக் குவித்துக் கத்தினாள்.

"எறும்பு முதல்ல போகட்டும்."

நடுவில் காற்று சுழன்று அடித்தது. கொத்திக்குக் கேட்டது இதுதான்: "இரும்பு முதல்ல போகட்டும்."

அவ்வளவுதான். ஒரே பாய்ச்சலாய் இடுக்குக்குள் இறங்கியது. அருகம்புல் வேரோடு பெயர்ந்தது. மண் சரிந்தது. முட்டை அறையின் ஒரு மூலை நசுங்கியே போனது. பிடிமானம் போன கல் ஒருபக்கமாய்ச் சாய்ந்து கொத்தியின் மூக்கைக் கவ்விக்கொண்டது. மூக்கு அடைத்துக்கொண்டு நின்ற இடம் எறும்புகளின் வாசல். உள்ளே இருந்த எறும்பு வெளியே வர வழியில்லை. முதல் துளி கல்லில் விழுந்து பொரிந்தது.

பூங்காவனம் எள்ளுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து கொத்தியை மேலே இழுத்தாள். கல் ஆடியது. மேலே இழுத்தால் கல் மொத்தமாய் உட்கார்ந்துவிடும், பக்கவாட்டில் நெம்பினால்தான் தூக்கும் என்று கிழட்டு எறும்பு பதறியது. நெம்பினால் மூக்கு வளைந்துவிடுமே என்று பூங்காவனம் தயங்கினாள். எள் நனைந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வளைச்சுடு அக்கா," என்றது கொத்தி.

அவள் இரண்டு கையாலும் காம்பை அழுத்தினாள். மூக்கு மடங்க மடங்கக் கல் ஒரு நெல் உயரம் எழும்பியது. அந்தச் சந்தில் எறும்புகள் வரத் தொடங்கின. பாரம் முழுக்கக் கொத்தியின் மூக்கில். மழை வலுத்தது. பிறந்ததிலிருந்து ஒரு கணம் சும்மா இராத அந்தக் கொத்தி கடைசி முட்டை வெளியே வரும்வரை அசையவே இல்லை.

நசுங்கியவை நசுங்கியவைதான். கிழட்டு எறும்பு வந்து நியாயம் கேட்டது. நான் எறும்பு என்றுதான் சொன்னேன் என்றாள் பூங்காவனம். எனக்கு இரும்பு என்றுதான் விழுந்தது என்றது கொத்தி. நீ சொன்னது, நீ கேட்டது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேச, எறும்பு நடுவில் புகுந்தது. "உங்க வாயையும் காதையும் நம்பி நாங்க பிள்ளை வளர்க்க முடியாது. இனிமேல் கல்லைத் தட்டுங்க. ரெண்டு தட்டு போதும், எங்களுக்குக் காலிலேயே தெரியும்."

மழை விட்டதும் கொத்தியைப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். மூக்கை நிமிர்த்தித் தரட்டுமா என்று கொல்லர் கேட்டார். எதற்கும் ஒருமுறை பார்ப்போம் என்று பூங்காவனம் அதைப் பட்டறை வாசல் கல் இடுக்கில் விட்டாள். நேர் மூக்கு கீழே குத்திக்கொண்டு போகும். இந்த வளைந்த மூக்கு பக்கவாட்டில் போய் வேரை மட்டும் கொக்கிபோல மாட்டி எடுத்தது. அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

அன்று முதல்தான் கல் இடுக்கில் களை எடுக்கும் கொத்திக்கு மூக்கை வளைத்தே அடிக்கிறார்கள். காதை நம்பிப் பாய்ந்தது போதும் என்று, ஒரு கை பிடிக்காமல் அது அசைவதும் இல்லை. இடுக்கில் இறக்கும் முன் கல்லை இரண்டு தட்டுத் தட்டுவதும் அன்று முதல்தான்.

முதன்முதலில் தட்டியவள் பூங்காவனம்தான். மறுநாள் மிச்சக் களைக்கு வேறொரு கல்லருகே குந்தியபோது மறுபடி மேகம் கூடியிருந்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டொக் டொக் என்று தட்டினாள், தட்டிய கையோடு கொத்தியை இடுக்குக்குக் கொண்டுபோனாள். அது கல் விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்க மறுத்தது.

"கொஞ்சம் பொறு அக்கா," என்றது. "கடைசியில ஒருத்தி முட்டையைத் தூக்கிக்கிட்டு மெதுவா வர்றா."