இசக்கி காட்டாத குழிவிரியன்

"மூணு தடவை வந்துட்டேன். நீங்க இன்னும் ஒரு பாம்பைக்கூடக் காட்டலை" என்றார் ஞானப்பிரகாசம்.

"இன்னிக்கு மட்டும் நாலைத் தாண்டி வந்திருக்கீங்க சார்" என்றாள் இசக்கியம்மாள்.

ஞானப்பிரகாசம் உடுமலையில் முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்தியவர். கல்யாணப் படங்களில் சலித்துப்போய், ஐம்பத்தேழு வயதில் விஷப்பாம்புகளைக் கேமராவில் பிடிக்க ஆசைப்பட்டு மலையேறியிருந்தார்.

இசக்கிக்கு முப்பத்துமூன்று. தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்குள் பாம்பு புகுந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இனி நீங்கதான் எனக்குக் குரு என்று அவர் சொன்னபோது சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நாலா? எங்கே?"

அவள் அவருடைய கேமராப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அன்று முழுக்கத் திருப்பித் தரவில்லை.

அவர் வெறுங்கையோடு நடந்தார். கால் வைக்கும் இடத்தைப் பார்த்தார். கை படக்கூடிய கிளைகளைப் பார்த்தார். அன்று ஒன்றும் தட்டுப்படவில்லை.

மறுநாள் மதியம், சோலைக்காட்டு ஓரத்தில் ஒரு செடியைப் பார்த்து நின்றுவிட்டார். முழங்கால் உயரத்தில் காய்ந்த இலைக்கொத்து மாதிரி ஏதோ இருந்தது.

அதற்குச் செதில்கள் இருந்தன.

"குழிவிரியன்" என்றாள் இசக்கி மெதுவாக. பையைக் கொடுத்தாள்.

இரண்டு ஆள் நீளம் தள்ளி உட்கார்ந்து பெரிய லென்ஸை மாட்டினார். உடம்பு முழுக்கத் தெரிந்தது. தலையை மட்டும் ஒரு பெரணி இலை மறைத்தது.

அவர் நீளமான குச்சியொன்றைக் கையில் எடுத்தார்.

அவள் தடுக்கவில்லை.

"ஒன்பது நாளா அது அதே செடியில இருக்கு சார். தவளைக்காக."

"இலையை மட்டுந்தான் ஒதுக்கப் போறேன். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அதுக்கு ஆகாது."

கொஞ்சம் கீழே ட்ராக்டர் போகும் பாதை தெரிந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் இருபது பேர் தினமும் அந்த வழியாகத்தான் வருவார்கள் என்றாள். பாம்பை முதலில் பார்த்தது அவர்களில் ஒருத்தியான தெய்வானை. அவள் புருஷன் பதினோரு வருடம் முன்பு இதே மாதிரி ஒன்றிடம் கடிபட்டு ஒரு விரலை இழந்தவன். அடித்துவிடலாம் என்றுதான் தெய்வானை சொன்னாள். இசக்கிதான் வாக்குக் கொடுத்தாள். இரை கிடைக்கிறவரை இது இந்தச் செடியைவிட்டுப் போகாது, இருக்கிற இடம் தெரிகிறது, ஒதுங்கி நடந்தால் போதும் என்றாள். பெண்களும் அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். இந்தப் பாம்புக்கென்று தனியாக மருந்தும் கிடையாது.

"கலைச்சுவிட்டா எங்கயாவது போயிடும். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அவங்க வருவாங்க. நான் எந்தச் செடியைக் காட்டட்டும்?"

அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். பாம்பும் அசையவில்லை, இலையும் அசையவில்லை. இலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் காலை அந்தச் செடி காலியாக இருந்தது.

பெண்கள் பாதையின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். தெய்வானை இசக்கியின் முகத்தைப் பார்த்தபடி கொழுந்துப் பையைத் தரையில் போட்டாள். சூப்பர்வைசர் மண்வெட்டியோடு ஆட்களைக் கூப்பிடச் சொன்னார்.

இசக்கி அரைமணி நேரம் கேட்டாள். கீழ்ச்சரிவைத் தான் பார்ப்பதாகவும், பாதையோரத்தை ஞானப்பிரகாசம் பார்க்கட்டும் என்றும் சொன்னாள்.

"நானா?"

"முந்தாநேத்து பார்க்காத கண்ணு, நேத்து பார்த்துச்சு இல்ல சார்?"

அவர் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு போனார். எதையும் தொடவில்லை. எங்கும் குனியவில்லை.

பாதையை ஒட்டிய ஒரு தேயிலைச் செடியில் அது இருந்தது. வயிறு புடைத்திருந்தது. இரை முடிந்து வெயிலுக்கு வந்திருக்கிறது.

தலையை எதுவும் மறைக்கவில்லை. சாய்வாக விழுந்த காலை வெயிலில் செதில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கண் பொன்னாக மின்னியது. முப்பது வருடத்தில் அவருக்கு இப்படி ஒரு வெளிச்சம் அமைந்ததில்லை.

அவர் பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பாம்புக்கு எட்டாத தூரத்தில் நின்று, வலக்கையை நீட்டி அந்தச் செடியைக் காட்டினார். மறு ஓரமாக ஒவ்வொருவராக வரச் சொன்னார்.

தெய்வானைதான் முதலில் வந்தாள். நேராகப் போகாமல் அவர் பக்கத்தில் நின்று, விரல் காட்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தாள். புருஷன் சொல்லிச் சொல்லி அவள் மனதில் அது எவ்வளவோ பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

"இம்புட்டுத்தானா" என்றாள்.

பிறகு பையைத் தலையில் மாட்டிக்கொண்டு மறு ஓரமாக நடந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. இசக்கி மூச்சிரைக்க மேலே வந்தாள். பாம்பைப் பார்த்தாள். கையை நீட்டியபடி நிற்கும் ஞானப்பிரகாசத்தைப் பார்த்தாள். கேமரா அவர் மார்பில் தொங்கியது. லென்ஸ் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை.

"சார், பனி மூடப்போகுது. படம்?"

"இருங்க" என்றார் அவர், கையை இறக்காமல். "இன்னும் எட்டுப் பேர் வரணும்."