பாலைவனச் சிங்கம் ஏறாத ஒட்டகம்

ஹம்தானுக்கு முதலில் அநியாயம் செய்தவர் வஜீர் புர்ஹான்தான். பெருநாள் விருந்தில் ஆட்டுக்கறித் தட்டு வருகிற நேரம் பார்த்து, "ஓய், நீர் அந்தப் பக்கம் போம்" என்று ஹம்தானைச் செருப்புகள் கிடந்த வாசலோரத்துக்கு விரட்டினார். அங்கே வந்து சேர்ந்தது எலும்பு மட்டும். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். ஹம்தான் மறக்கவில்லை.

சம்ரான் நாட்டு அரண்மனையில் ஹம்தானுக்கு ஒரே வேலை. தினமும் காலையில் சுல்தான் நவ்ஃபல் காப்பி குடிக்கும்போது 'காலைப் பிறை' பத்திரிகையைப் படித்துக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் அவரை அதிகம் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எங்கே குரலை உயர்த்துவது, எங்கே தொண்டையைச் செருமுவது என்று நன்றாகத் தெரியும்.

அந்த நாட்களில் பத்திரிகை முழுக்க எல்லைக் கிணற்றுச் சண்டைதான். பக்கத்து வாதிர் நாட்டுக்காரர்கள் அந்தக் கிணற்றில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டிவிட்டார்களாம். 'பாலைவனச் சிங்கம்' என்ற புனைபெயரில் ஒருவர் தினமும் கட்டுரை எழுதி நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தார். வாதிர் அரசர் கோழை, நம் சுல்தான் மாவீரர், இனியும் பொறுத்தால் நாம் ஆண்பிள்ளைகளே இல்லை. ஊரே காப்பிக்கடையில் உட்கார்ந்து அதைப் படித்து மீசையை முறுக்கியது.

ஹம்தான் மட்டும் மீசையைத் தொடவில்லை. அவருடைய ஒரே மகன் ஜாபிர் அந்த எல்லைக் காவலில்தான் இருந்தான். போர் மூண்டால் முதல் குண்டு அவன் பக்கம்தான் வரும்.

அன்றைய கட்டுரை முடிவதற்குள்ளேயே சுல்தான் கோப்பையைக் கீழே வைத்தார். "போதும் ஹம்தான். நாளைக்குப் படை புறப்படட்டும். மக்கள் கேட்கிறார்கள்."

"மக்கள் எங்கே கேட்டார்கள், சுல்தானே? ஒரு சிங்கம்தானே கேட்கிறது?"

"அந்தச் சிங்கத்தின் பேச்சுதான் ஊர்ப் பேச்சு. உமக்கு அவ்வளவு அக்கறை என்றால், போர் வேண்டாம் என்று அந்தச் சிங்கத்தின் வாயாலேயே சொல்ல வையும். படையை நிறுத்துகிறேன்."

பக்கத்தில் நின்ற புர்ஹான் சிரித்தார். "கல்லில் பால் கறந்தாலும் கறக்கலாம், சுல்தானே. இது நடக்காது."

ஹம்தான் பத்திரிகையை மெதுவாக மடித்தார். "அது கிடக்கட்டும். இத்தனை வீரமாக எழுதுகிறவருக்கு நாம் இதுவரை ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லையே. ஆள் யாரென்றே தெரியாமல் போருக்குப் போனால் நம் சபைக்கு அழகா?"

"நியாயமான பேச்சு" என்றார் சுல்தான். அன்றே சபை கூடியது. தட்டில் பொன்னாடை பளபளத்தது.

"பாலைவனச் சிங்கம் இந்தச் சபையில் இருந்தால் முன்னால் வரட்டும்" என்றார் சுல்தான்.

முதலில் அரசவைக் கவிஞர் லபீத் லேசாக இருமினார். "அடியேன்தான். தற்பெருமை பிடிக்காது என்பதால் சொல்லவில்லை."

"கேட்டீர்களா அநியாயத்தை?" என்று கஜானா அதிகாரி சுஹைல் எழுந்தார். "ஒவ்வொரு வரியும் என் வரி. என் மனைவியைக் கேளுங்கள்."

புர்ஹானுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இரண்டு பேரும் உட்காருங்கள் ஐயா. சுல்தானே, எழுதியது நான். நான் மட்டும்தான்." சொல்லிவிட்டுப் பொன்னாடைக்குத் தோளைக் காட்டினார்.

ஹம்தான் பணிவாகக் குனிந்தார். "போர்த்துவதற்கு முன்னால் இன்றைய கட்டுரையின் கடைசி வரிகளைச் சபைக்குப் படித்துக் காட்டட்டுமா?"

"படியும்."

எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "'முன்வரிசையில் முதல் ஒட்டகம் என்னுடையதாக இருக்கட்டும். குண்டுகளுக்கு நடுவே அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் வீடு திரும்ப மாட்டேன். சுல்தானே, எனக்கு அனுமதி தாருங்கள்.'"

சுல்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "அனுமதி தந்தேன். ஹம்தான், ஒட்டகம் தயாரா?"

"காலையிலேயே சொல்லிவைத்தேன். வாசலில் சேணம் கட்டி நிற்கிறது. சிங்கம் ஏற வேண்டியதுதான் பாக்கி."

புர்ஹானின் தோள் பொன்னாடையிலிருந்து மெல்லப் பின்வாங்கியது.

லபீத் முதலில் வாய் திறந்தார். "நான் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன், சுல்தானே."

"எனக்கு மூல வியாதி" என்றார் சுஹைல். "ஒட்டகம் ஏறினால் உயிரே போய்விடும். எழுதினது வஜீர் என்றுதான் எனக்கும் கேள்வி."

எல்லாரும் புர்ஹானைப் பார்த்தார்கள். அவருடைய தாடி வேர்த்தது. சுல்தான் கேட்டார், "நான் மட்டும்தான் என்றீரே?"

புர்ஹான் ஹம்தானின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். "ஹம்தான் பாய், எப்படியாவது என்னைக் காப்பாற்றும். போரை நிறுத்திய புண்ணியவான் என்று உம் பெயரைப் பத்திரிகையில் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன். சத்தியம்."

"பெரிய எழுத்தில்?"

"முதல் பக்கத்தில்."

ஹம்தான் நிமிர்ந்தார். "சுல்தானே, வஜீர் என்ன சொல்ல வருகிறார் என்றால், இந்தக் கட்டுரையை அவரும் எழுதவில்லை."

"ஆமாம், ஆமாம்" என்றார் புர்ஹான்.

"அப்படியானால் எழுதியது யார்?" என்று சுல்தான் உறுமினார்.

"யாருமே இல்லை. சிங்கம் வேண்டும் என்றால் மூன்று பேர், ஒட்டகம் வேண்டும் என்றால் ஒருவரும் இல்லை. யாரும் எழுதாத கட்டுரைக்காக நாம் எதற்குச் சுல்தானே சாக வேண்டும்?"

சுல்தான் ஒரு கணம் முறைத்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் படையைக் கலைத்தார். கிணற்றில் இரு நாட்டுக்காரர்களும் முறைவைத்து நீர் இறைக்கலாம் என்று வாதிர் அரசருக்குத் தூது அனுப்பினார். பொன்னாடையை ஹம்தானின் தோளில் தானே போர்த்தினார். ஜாபிருக்கு விடுப்பும் கொடுத்தார். பையன் வீட்டுக்கு வந்து அம்மா சமைத்ததை வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மறுநாள் 'காலைப் பிறை'யில் பாலைவனச் சிங்கம் அமைதியின் அருமையைப் பற்றி எழுதியிருந்தது. தான் தொடக்கத்திலிருந்தே போருக்கு எதிரி என்றது. ஹம்தான் பெயர் எங்கும் இல்லை.

அன்றிலிருந்து அவர் பத்திரிகையை மரண அறிவிப்பு, ஒட்டகச் சந்தை விளம்பரம் எதையும் விடாமல் சுல்தானுக்குப் படிக்கிறார். வஜீரைத் தாழ்வாரத்தில் பார்த்தால், "இன்றும் வரவில்லையே" என்கிறார்.

"அச்சுக்கூடத்தில் பெரிய எழுத்து தீர்ந்துவிட்டதாம்" என்கிறார் வஜீர்.

இன்னும் வரவில்லை.