மேசைக்கு அந்தப் பக்கம்

குருவுக்கு வயது முப்பத்துமூன்று. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் கோதைநாயகி. மாதிரி விமானங்களின் மூக்கில் சுழலும் புரொப்பல்லரை மரத்தில் செய்து தருவது அவள் தொழில். கருப்பாக ஈட்டிப் பலகை ஒன்று, வெளுப்பாக மலைவேம்பு ஒன்று, மறுபடி ஈட்டி என்று ஐந்து அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டுவாள். கிளாம்பில் இறுக்கிக் காயவைத்த பிறகுதான் உளியை எடுப்பாள். செதுக்கச் செதுக்க உள்ளிருக்கும் அடுக்குகள் வரிவரியாக வெளியே வரும். நூறு வருஷத்துக்கு முன் பறந்த விமானத்தில் இருந்ததைப் போலவே இருக்கும், நீளம் மட்டும் ஒன்றரை அடி.

சீடர் ரெங்கராஜுலு. கோயம்புத்தூர் மில் ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நூலளவு பிசகினாலும் ஒத்துக்கொள்ளாத கண். பிசகியது தானாக இருந்தால் ஒத்துக்கொள்ளாத வாயும் அவருக்கு உண்டு.

அந்த வாய்தான் வம்பு. போன பொங்கலுக்கு அவரும் அவருடைய சிநேகிதர் ஆசீர்வாதமும் இரண்டு வருஷமாகச் சேர்ந்து கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். கட்டியதில் பெரும்பங்கு ரெங்கராஜுலு. ரிமோட் ஆசீர்வாதம் கையில். சாயங்காலம் நாலரை மணிக்கு அது அழகாக எழும்பி, திரும்பும்போது சரிந்து, சோளக்காட்டில் விழுந்தது. பந்தலில் நின்றிருந்த ரெங்கராஜுலு அத்தனை பேர் முன்னால் கத்தினார், "கண்ணு தெரியாதவன் கையில குடுத்தது என் தப்பு!"

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ரெங்கராஜுலுவைப் பொறுத்தவரை அது மற்ற ஆனைகளுக்குச் சொன்னது.

பதினோரு மாதமாகப் பேச்சு இல்லை. விமானத்தை அவர் தனியாகவே சரிசெய்தார். உடைந்த புரொப்பல்லருக்குப் பதில் ஒன்றைத் தன் கையாலேயே செய்வதென்று கோதையிடம் வந்து சேர்ந்தார்.

முதல் நாளே நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, ஒரு ஞாயம் சொல்லுங்க. தப்பு அவன் பேர்ல. தை பொறந்ததும் மக வீட்டுக்கு ஓசூருக்கே போறானாம். ஊட்டையும் காலி பண்றானாம். அவனா வந்து பேசோணுமா, நான் போய்ப் பேசோணுமா?"

"உங்களுக்கு என்ன தோணுதுங்கய்யா?"

"அவந்தான் வரோணும். ஆனா வரமாட்டான். வேற ஒருத்தன் கையில ரிமோட்டக் குடுக்கவும் மனசு வரலீங்க." மேசையில் கிடந்த உளியைத் தடவினார். "முப்பத்தாறு வருஷப் பழக்கமுங்க."

கோதை உளியைத் தீட்டிக் கொடுத்தாள்.

"மொதல்ல செதுக்குங்க."

பட்டறையில் ஒரு நீள மேசை. சுவர் ஓரமாக ஒரு முக்காலி. ரெங்கராஜுலு முதல் நாள் அந்த முக்காலியில் உட்கார்ந்தார், பிறகு வேறெங்கும் உட்காரவில்லை. புரொப்பல்லரின் இரண்டு இறக்கைகளில் வலது பக்க ப்ளேடைக் கோதையின் கண் முன்னால் செதுக்கினார். தன் பக்கத்து ஓரம் மேலே, எதிர் ஓரம் கீழே என்று அது சாய்வாக இறங்கியது. வரிகள் பிசிறில்லாமல் வளைந்து வந்தன.

"அருமைங்கய்யா," என்றாள் கோதை. "அந்த ப்ளேடும் இதே மாதிரி." சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்காக உடுமலைக்குப் போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து வந்தபோது புரொப்பல்லர் பளபளவென்று இருந்தது. ரெங்கராஜுலு அதை ஊசியில் கோத்துக் காட்டினார். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.

"ஒரு குண்டுமணி எடை வித்தியாசம் இல்லீங்க."

கோதை ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். சோதனைக்கென்று வைத்திருந்த சின்னச் சக்கரவண்டியின் மோட்டாரில் அதை மாட்டி, தரையில் வைத்து, மெல்ல ஓடவிட்டாள்.

சத்தம் வந்தது. வண்டி ஜுரம் வந்தாற்போல் நடுங்கியது. ஆனால் ஓர் அங்குலம் நகரவில்லை.

"மோட்டார் கோளாறுங்களா?"

கோதை தானே செய்த வேறொரு புரொப்பல்லரை மாட்டினாள். வண்டி விர்ரென்று ஓடிச் சுவரில் முட்டியது.

ரெங்கராஜுலுவின் முகம் சுருங்கியது. தன் புரொப்பல்லரை எடுத்து மேசையில் வைத்து, முக்காலியில் உட்கார்ந்து குனிந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது! இந்த ப்ளேடுல என் பக்கம் ஒசரம். அந்த ப்ளேடுலயும் என் பக்கம் ஒசரம். இதுல என்ன தப்பு?"

"ஒண்ணு காத்த முன்னால தள்ளுது. இன்னொண்ணு பின்னால தள்ளுது. வண்டி பாவம், எங்க போகும்?"

நாற்பது வருஷம் எந்திரத்தோடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"ரெண்டாவத எங்க உக்காந்து செதுக்குனீங்க?"

"இங்கயேதானுங்க. முக்காலிய விட்டு அசையவே இல்லை."

"தெரியுதுங்க," என்றாள் கோதை.

அவள் புதிதாக ஐந்து அடுக்கு ஒட்டிய கட்டை ஒன்றை எடுத்து வந்தாள். நடு ஓட்டையில் போல்ட் போட்டு மேசையோடு இறுக்கினாள். ரெங்கராஜுலு மூன்று நாளில் வலது ப்ளேடை முடித்தார். முதல் முறையைவிட அழகாக வந்தது. பிறகு ஸ்பேனரைத் தேடினார்.

"எதுக்குங்க ஸ்பேனர்?"

"கட்டையத் திருப்பிக்கறேனுங்க. அந்த ப்ளேடு இந்தப் பக்கம் வந்துட்டா வேலை சுலபம்."

"சுலபந்தான். ஆனா அது இருக்கட்டும். நீங்க சுத்தி வாங்க."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். இத்தனை நாளில் அந்தப் பக்கம் நின்றதே இல்லை. உட்கார அங்கே இடம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் கதவு திறந்து கிடந்தது. அதுவரை இடது கைப்பக்கம் இருந்த ப்ளேடு இப்போது வலது கைப்பக்கம் வந்திருந்தது. தன் பக்கத்து ஓரம் மேலே, எதிர் ஓரம் கீழே என்று, முதலாவதைச் செய்த மாதிரியே செதுக்கினார்.

முடித்த அன்று பழக்கதோஷத்தில் முக்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பார்த்ததும் பதறினார்.

"அம்மிணி! எதிர்மாறா இருக்குதுங்க! இது மேல, அது கீழ!"

"அங்கிருந்து பார்த்தா அப்படித்தான் தெரியும்."

"அப்பச் சரியா, தப்பா?"

கோதை வண்டியைக் கொண்டுவந்தாள். புரொப்பல்லரைக் கழற்றி மாட்டி ஓடவிட்டாள். வண்டி ஒரே ஓட்டமாக மேசைக்கடியில் புகுந்து வாசற்படியில் முட்டி நின்றது.

ரெங்கராஜுலு குழந்தை மாதிரி சிரித்தார். வண்டியை எடுக்க மேசையைச் சுற்றிப் போனார். மோட்டாரை நிறுத்தினார். மேற்கே பார்த்த கதவு அது. நிமிர்ந்ததும் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். எதிரே வந்த சைக்கிள்காரன் யாரென்று தெரியவில்லை.

திரும்பாமலே கூப்பிட்டார்.

"அம்மிணி."

"சொல்லுங்கய்யா."

"அன்னைக்கு நான் பந்தல் நெழல்ல நின்னேனுங்க." கண்ணுக்கு மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. "ஆசீர்வாதம் மேக்க பார்த்து நின்னான். வெயிலுக்கு நேரா."

கோதை மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு தெரியாதவன்னு சொன்னனுங்க. அத்தன பேர் முன்னால."

துடைப்பம் நிற்கவில்லை. அவர் வண்டியிலிருந்து புரொப்பல்லரைக் கழற்றித் துண்டில் சுற்றினார். சுற்றிய பிறகும் தயங்கினார்.

"மொத நாள் ஒண்ணு கேட்டனுங்க. நீங்க இன்னும் பதில் சொல்லல. அவன் வரோணுமா, நான் போகோணுமா?"

கோதை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"கதவுகிட்ட நிக்கறது நீங்கதானுங்களே, ஐயா."