மூஞ்சூறுக் குட்டி ஏன் தாயின் வாலை விடுவதில்லை

மூக்குக் கண்ணாடிக் கடை என்று ஒன்று உலகத்தில் வருவதற்கு வெகுகாலம் முன்பு, மூஞ்சூறும் பல்லியும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், மூஞ்சூறுக் குட்டிகள் தனித்தனியாகத்தான் ஓடித் திரிந்தன.

ஒரு மூஞ்சூறுத் தாயின் கடைக்குட்டி மிளகி. மூக்கருகே எறும்பு ஊர்ந்தால் அதன் காலை எண்ணிச் சொல்வாள்; முற்றத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்குப் புகை. தாய் பயந்துபோய்ச் சிலந்தி அக்காவிடம் கூட்டிப் போனாள். பாம்பு உரித்துப் போட்ட சட்டையில் கண்ணிருந்த இடத்துச் சில்லுகள் இரண்டை நூலில் கட்டி, மிளகியின் மூக்கில் மாட்டிவிட்டாள் சிலந்தி.

“அம்மா, வேப்பமரத்துல தனித்தனியா இலை இருக்கு” என்றாள் மிளகி.

சுவரிலிருந்த பல்லி அத்தைக்குப் பொறுக்கவில்லை. “இந்த வயசிலேயே மாட்டிட்டியா? கண்ணு சோம்பேறியாப் போயிடும்டி. பொன்னாங்கண்ணிக் கீரை கொடு, தானா சரியாகும். நாளைக்கு இவளை எவன் கட்டிப்பான்?”

தாய் கேட்டும் கேட்காததுபோல் இருந்தாள். மழைக்காலம் போனது, மிளகி நன்றாக வளர்ந்துவிட்டாள். ஒரு நாள் கண்ணை இடுக்கிக்கொண்டு சொன்னாள்: “இலையெல்லாம் மறுபடி ஒட்டிக்கிச்சும்மா.”

“நான் சொன்னேனில்ல? சில்லு கண்ணைத் தின்னுடுச்சு” என்றாள் பல்லி.

தாய் அதை நம்பிவிட்டாள். வேறு யாரையும் கேட்கவில்லை. குட்டி தூங்கும்போது நூலைக் கடித்து அறுத்து, சில்லுகளை மென்று துப்பினாள். அதன் பிறகு தினமும் கீரைதான்.

ஒரு நாள் கீரை பறித்துத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரோரம் சாம்பல் நிறப் பூனை ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. மிளகி அதை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, கீரை கிடைச்சுதா?”

பூனை பேசவில்லை.

“ஏம்மா பேச மாட்டேங்கற? கோவமா? கசக்குதுன்னு இனிமே சொல்ல மாட்டேன்.”

இன்னும் கிட்டே போனாள். பூனையின் தோள் தாழ்ந்தது.

தாய் வாயைத் திறந்தாள். “கீச்” என்ற ஒன்றுதான் வந்தது. மிளகி நின்றாள். முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா பின்னாலிருந்து எப்படிக் கத்துவாள்? மறுபடியும் “கீச்.” குட்டி திரும்பி அந்தக் குரலை நோக்கி ஓடினாள். பூனை பாய்ந்தது. நகம் அவள் முதுகில் கோடு கிழித்தது. தாயும் மகளும் சுவர் ஓட்டைக்குள் உருண்டு விழுந்தார்கள்.

காயம் உலர்ந்ததும் தாய் சிலந்தியிடம் போனாள். “சில்லுதான் கண்ணைக் கெடுக்குதுன்னு நினைச்சேன் அக்கா.”

“பிள்ளை வளர வளரக் கண்ணும் வளருது, அதான் மங்குது. சில்லு போடலைன்னாலும் மங்கியிருக்கும். வேற சில்லு மாத்தணும், அவ்வளவுதான். கீரை உடம்புக்கு நல்லது, கொடு; தூரத்தைக் காட்டாது.”

“இப்ப மாத்திக் கொடு அக்கா.”

“அந்தப் பாம்பு காடு மாறிப் போயிடுச்சே.”

தாய் குட்டிகளிடம் திரும்பி வந்தாள். பிறகு தன் வாலடியை மிளகியின் வாயில் வைத்தாள். “கவ்விக்கோ. எனக்கு வலிச்சாலும் பரவாயில்ல, விட்டுடாதே.” மற்ற குட்டிகளுக்காவது கண் சரியாகத் தெரிகிறது என்று அவளால் இனி நம்பி இருக்க முடியவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக அவர்களையும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

இன்றைக்கும் மூஞ்சூறுக் குட்டிகள் முன்னே போவதன் வாலடியைக் கவ்வி வரிசையாகச் சுவரோரம் போவதும், தாய் “கீச் கீச்” என்று ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே நடப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.